உடனிருப்பவர் பேசக் கூடாது

இந்த டிக்கெட்டைக் கொஞ்சம் பாருங்கள் அக்கா. சங்கரன்கோவில், ஒன்று. நான்தான் கேட்டு வாங்கினேன். என் வாயால். கண்டக்டர் "எங்கம்மா?" என்றார். நான் "சங்கரன்கோவில்" என்றேன். மெஷினில் இரண்டு தட்டுத் தட்டி நீட்டிவிட்டார். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா மனிதர்கள் அந்தப் பயம் பயப்படுகிறார்கள்? எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேன் என்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பி.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு.

பொதுவாக நான் பஸ்ஸில் யாரோடும் பேச மாட்டேன். பஸ்ஸில் என்று இல்லை, எங்கேயுமே. ஆனால் இன்றைக்குப் பேசாமல் இருந்தால் வெடித்துவிடுவேன் போலிருக்கிறது. நீங்கள் பாவம், சன்னலோரமாக அமைதியாக உட்கார்ந்திருந்தீர்கள். பார்த்ததுமே நினைத்தேன், இவர்கள் நல்ல மாதிரி, குறுக்கே பேச மாட்டார்கள் என்று.

விஷயம் என் அண்ணனைப் பற்றியது. ஆவுடையப்பன் என்று பெயர். இருபத்தேழு வயது. அவனுக்கு ஆட்டிசம். பத்தொன்பது வயதில்தான் மதுரையில் ஒரு டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார். அதுவரைக்கும் எங்கள் தெருவில் அவனுக்கு இருந்த பெயர் 'ஒரு மாதிரி'. தபால்காரரே "அந்த ஒரு மாதிரிப் பையன் வீடா?" என்றுதான் கேட்பார்.

குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடிவிடுவான். சோறும் குழம்பும் தட்டில் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. ஒன்பது மணிக்குக் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினால் அன்றைக்கு முழுக்க வீடு வீடாக இருக்காது. அப்புறம், பொய் வராது. நல்லவன், பொய் சொல்ல மாட்டான் என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. எல்லோருக்கும் பொய் உண்டாகிற இடம் ஒன்று இருக்குமே, அந்த இடமே அவனுக்குக் கிடையாது. எங்கள் சித்தி கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்று, "போட்டோல முடி இருந்துச்சே, இப்ப எங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டவன். சித்தப்பா இன்னும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

அவனைப் பார்த்துக்கொள்வது நான்தான். சின்ன வயதிலிருந்தே. அப்பா திருவனந்தபுரத்தில் ஒரு பாத்திரக் கடையில் இருக்கிறார். அம்மா தறிக்குப் போகிறாள். நான் படித்து முடித்து இரண்டு வருஷமாகிறது. இரண்டு முறை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், ஒன்று தென்காசியில், ஒன்று திருநெல்வேலியில். போகவில்லை. அவனை விட்டுவிட்டு எப்படிப் போவது, சொல்லுங்கள். அதனால்தான் போகவில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

அம்மாவுக்கு ஒரே கவலை. "எனக்கப்புறம் அவனை யாருட்டீ பாப்பா? நீயும் ஒரு வீட்டுக்குப் போயிருவ" என்பாள். நான் ஒரு வீட்டுக்கும் போகிற மாதிரி இல்லை. வந்த ஒரு வரனும் தட்டிப்போய்விட்டது. பையன் வீட்டார் வந்து உட்கார்ந்த நாற்பது நிமிஷமும் நான் வாயைத் திறக்கவில்லை என்று, "பொண்ணு ஊமையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கும் அண்ணன்தான் பதில் சொன்னான். "ஊமை இல்ல. உங்களைப் பிடிக்கல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். எனக்கும் அன்றைக்கு உள்ளே சிரிப்புத்தான்.

பாளையங்கோட்டையில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. எழுத்து, கணக்கு சொல்லித் தருகிற இடம் இல்லை. கடைக்குப் போவது, ஓட்டலில் சாப்பிடுவது, போன் பேசுவது, துணி துவைப்பது. இப்படி மூன்று மாதம், சனிக்கிழமை சனிக்கிழமை. வீட்டிலிருந்து ஒருவர் கூடவே வந்தாக வேண்டும், அவருக்கும் சேர்த்துத்தான் வகுப்பு. மூன்று மாதம் முடிந்து, சரி என்று பட்டால், அவர்களுடைய பயிற்சி வீட்டில் ஒரு வருஷம் தங்கலாம். நான்கு பேர் இருக்கிற வீடு. அவர்களே சமைத்து, அவர்களே துவைத்து, அரை நாள் ஒரு ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலைக்கும் போய் வர வேண்டும். வருஷம் முடியும்போது வேலை நிரந்தரமாகவும் வாய்ப்பு உண்டு. இந்த வருஷம் அங்கே ஒரு கட்டில் காலி. எங்கள் வகுப்பில் பதினெட்டு தாண்டியவன் அண்ணன் ஒருவன்தான். ஆனாலும் தகுதி இல்லை என்று பட்டால் கட்டிலைக் காலியாகவே போட்டுவிடுவார்களாம்.

அம்மா அந்தக் கட்டிலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மூன்று மாதமாக எங்கள் வீட்டில் அந்தக் கட்டில் பேச்சுத்தான். "கட்டில் கெடச்சிருமாட்டீ?" என்று, மத்தியானச் சோறு கொண்டுபோகிற என்னிடம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்பாள்.

முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'பயிற்சி பெறுபவர்' என்று ஒரு கட்டம். அதில் ரா. ஆவுடையப்பன். 'உடனிருப்பவர்' என்று ஒரு கட்டம். அதில் ரா. கோமதி, தங்கை. நான்தான் நிரப்பினேன். எழுதுவதென்றால் எனக்குப் பயமே இல்லை.

எஸ்தர் மிஸ் என்று ஒருவர். வகுப்பை நடத்துகிறவர். குள்ளமாக, எப்போதும் கழுத்தில் ஒரு விசிலோடு இருப்பார். அண்ணனைப் பார்த்த அன்றே அந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார், அதனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் எழுந்து நின்று சொன்னார். "பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தந்துருவேன். கஷ்டம் நீங்கதான். கடையில அவன் ஒரு நிமிஷம் யோசிச்சா நீங்க முந்திக்கிட்டு வாயத் தொறப்பீங்க. அதோட அவன் வாய மூடிருவான். இங்க ஒரே ஒரு சட்டம். உடனிருப்பவர் பேசக் கூடாது. பத்தடி தள்ளி நிக்கணும். கடைக்காரர் உங்களைப் பாத்துக் கேட்டாலும் பேசக் கூடாது. முடியுமா?"

பதினோரு அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். எனக்கு மட்டும் உள்ளே நாதஸ்வரமே வாசித்தது அக்கா. பேசக் கூடாதாம்! அதற்கு மார்க் வேறு போடுவார்களாம்!

முதல் பயிற்சி, மளிகைக் கடை. சீட்டில் மூன்று பொருள். சோப்பு, அரைக் கிலோ ரவை, தீப்பெட்டி. மேலப்பாளையத்திலிருந்து வருகிற ஜன்னத் பீவி அக்காவின் மகன் காதர் முதலில் போனான். பதினாறு வயசு, அருமையான பையன், கொஞ்சம் நிதானமாகப் பேசுவான். அவன் "ர..." என்று ஆரம்பிப்பதற்குள் அந்த அக்கா பத்தடி தள்ளி நின்றுகொண்டே, "ரவை ரவை ரவை! அரைக் கிலோ! வறுத்த ரவையான்னு கேளுல!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டார். எஸ்தர் மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்து நாங்கள். அண்ணன் போனான். "சோப்பு. ரவை அரைக் கிலோ. தீப்பெட்டி" என்றான், நியூஸ் வாசிக்கிற மாதிரி. கடைக்காரர் அவனை விட்டுவிட்டு எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார். "என்ன சோப்புமா?" இவர்கள் எப்போதும் அப்படித்தான். பேசுகிறவனை விட்டுவிட்டுக் கூட நிற்கிற ஆளைக் கேட்பார்கள். ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கினவே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். "ஏம்மா, உன்னைத்தான்." நான் அடுத்த சரத்துக்குப் போய்விட்டேன். அண்ணன்தான், "அவ பேச மாட்டா. என்னைக் கேளுங்க. மஞ்சள் கவர் சோப்பு" என்றான்.

எஸ்தர் மிஸ் நோட்டில் எழுதினார். 'உடனிருப்பவர்: மிகச் சிறப்பு.' அடியில் இரண்டு கோடு.

ஏழாம் வகுப்புக்கு அப்புறம் என் பெயருக்குப் பக்கத்தில் யாரும் 'மிகச் சிறப்பு' என்று எழுதியதில்லை. நான் அந்த ஷாம்பு வாசனையோடே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது, போன். கண் டாக்டருக்கு நேரம் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பக்கம் இருந்த பெண், "கூட யாராச்சும் இருந்தா குடுங்க" என்று சொன்னதும் அண்ணன் போனை என் பக்கம் நீட்டினான். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மிஸ் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க. கையப் பாருங்க. இதான் கட்டுப்பாடு."

மூன்றாவது, ஓட்டல். அங்கேதான் ஒரு சங்கடம் ஆனது. கரண்ட் போய், பின்பக்கம் ஜெனரேட்டர் 'தடதட'வென்று கிளம்பியது. அண்ணன் மேசைக்கு அடியில் போய்விட்டான். காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு. சர்வர் ஓடிவந்தார், பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள், "தண்ணி தெளிங்க", "சாவி குடுங்க கையில" என்று ஆளாளுக்கு ஒரு சத்தம். நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன். நானும் மேசைக்கு அடியில் போனேன். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். தொடவில்லை, பேசவில்லை. சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு கண்ணைத் திறந்து, "டீசல் தீந்துருமா?" என்றான். தலையாட்டினேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெளியே வந்து, "ரெண்டு தோசை. ஒண்ணுல சட்னி தொடக் கூடாது. ஒண்ணு ரோஸ்ட், முறுகலா. அது இவளுக்கு. இவ கேக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மிஸ் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் நான் அங்கே பெரிய ஆள் அக்கா! நிஜமாக. சனிக்கிழமை உள்ளே போனால் அம்மாக்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். "கோமதி மாதிரி இருங்க", "கோமதியப் பாருங்க". ஜன்னத் பீவி அக்கா என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, நாக்கை எங்கன கட்டி வச்சிருக்க? எனக்கும் ஒரு முழம் கயிறு தாயேன்" என்பார். நான் சிரிப்பேன். சிரிப்பைப் பார்த்துவிட்டு, "பாரு, அதுக்கும் பேசுதாளா பாரு" என்பார்.

நான் பேசாததற்குக் காரணம் இருக்கிறது. நான் பேசினால் அவன் எப்படிக் கற்றுக்கொள்வான்? அந்த யோசனை எனக்கு எப்போதோ வந்துவிட்டது. மையம் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே. பஸ்ஸில் வரும்போதுகூட அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே வருவேன், கூட்டத்தில் அவன் தொலைந்துவிடக் கூடாதே என்று.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது போன வாரத்துக்கு முந்தின வாரம் எஸ்தர் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நிறைவு நாள்ல நீ பேசணும் கோமதி. அமைதியா உடனிருப்பது எப்படின்னு, அஞ்சு நிமிஷம். எல்லாப் பெற்றோரும் இருப்பாங்க. கமிட்டிலேருந்து மூணு பேர் வராங்க. கட்டில் விஷயம் அன்னைக்குத்தான் முடிவாகும். நீ பேசுறது ஆவுடையப்பனுக்கும் நல்லது."

முடியாது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் முடியாது என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே? மிஸ், "சரிதானே? சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்கு பக்கம் எழுதினேன் அக்கா. நன்றாகவே வந்திருந்தது. வீட்டில் அண்ணனை எதிரே உட்கார வைத்துப் பழகினேன். அவன் கையில் கடிகாரம். ஐந்து நிமிஷம் முடிந்ததும் சொன்னான்.

"உதடு ஆடுது. சத்தம் வரல."

"மனசுக்குள்ள சொல்லிப் பாக்கேன்."

"மனசுக்குள்ள சொன்னா கமிட்டிக்குக் கேக்காது."

"அன்னைக்கு வந்துரும். நீ சும்மா இரு."

"வராது" என்றான். அவன் பயமுறுத்துவதற்காகச் சொல்ல மாட்டான். மழை வராது என்கிற மாதிரி சொன்னான்.

அந்த நாள்தான் இன்றைக்கு. காலையில். மேடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு படி உயரம். மைக் இருந்தது. முன் வரிசையில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர், நடுவில் ஒரு அம்மாள், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அம்மா தறிக்கு லீவு போட்டுவிட்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், புதுச் சேலையில். "எங்கள் உடனிருப்பவர்களில் முதலிடம்" என்று எஸ்தர் மிஸ் என் பெயரைச் சொன்னார். போய் நின்றேன். நான்கு பக்கத்தையும் பிரித்துப் பிடித்தேன்.

ஒன்றும் வரவில்லை.

வாய் திறந்தது. மூடியது. மைக்கில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ பெரிய மாடு பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு ஒரு வருஷம். முதல் வார்த்தை 'வணக்கம்', அது தாளில் இருக்கிறது, நானும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் நடந்தது என்ன தெரியுமா? நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஜன்னத் பீவி அக்கா பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டி, "செஞ்சு காட்டுதா பாத்தியளா! வாயால சொல்லாம செஞ்சே காட்டுதா!" என்றார். அது அப்படியே வரிசை வரிசையாகப் போனது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கூடம் முழுக்க என்னோடு சேர்ந்து அமைதியாக இருந்தது. கடைசியில் யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும். கண்ணாடி அம்மாளும் தட்டினார். பேசாமல் பேச்சுப் போட்டியில் ஜெயித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

அப்படியே இறங்கி வந்திருக்கலாம். கட்டில் கையில் கிடைத்த மாதிரிதான். ஆனால் அண்ணன் எழுந்துவிட்டான்.

"கை தட்டாதீங்க. அது தப்பு."

கைத்தட்டல் நின்றது. அவன் நடந்து வந்து மைக்கைத் தன் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டான். அம்மா அங்கேயிருந்து, "ஏல, இறங்குல" என்று ஜாடை காட்டினாள். அவனுக்கு ஜாடை புரியாது.

"கோமதி செஞ்சு காட்டல. அவளுக்குப் பயம். தெரியாதவங்ககிட்ட அவ பேச மாட்டா. ஆறாம் வகுப்புல பாத்ரூம் போகணும்னு டீச்சர்கிட்டக் கேக்க மாட்டா. நான் பத்தாம் வகுப்புலேருந்து வந்து ஜன்னல்ல நின்னு கேப்பேன். காலேஜ் சேரும்போது அவ பேரை நான்தான் சொன்னேன். டெய்லர் ஜாக்கெட்டைத் தப்பாத் தைச்சா நான் போய்ச் சண்டை போடுவேன். மெடிக்கல்ல நாப்கின் வாங்குறது நான். பஸ்ல டிக்கெட் எடுக்குறது நான். கூட்டத்துல இவ தொலைஞ்சுருவா, அதனால என் பை வாரைப் பிடிச்சுக்கிட்டு வருவா."

மைக்கில் அக்கா! நாப்கினை மைக்கில் சொன்னான்!

எஸ்தர் மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா, அழுகிறாரா, தெரியவில்லை. என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று. போச்சு. எனக்குப் போட்ட மார்க் எல்லாம் பொய் என்று ஆகிவிட்டது. இந்தக் குடும்பமே ஏமாற்றியிருக்கிறது என்று நினைப்பார்கள். கட்டில் போச்சு. அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து இதைத்தானா பார்க்க வேண்டும்.

அவன் இன்னும் முடிக்கவில்லை. "சத்தம் வந்தா எனக்கு முடியாது. அப்ப கோமதி பக்கத்துல வந்து சும்மா இருப்பா. அதுல அவ கெட்டிக்காரி. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டாம். மத்ததுக்குப் பயிற்சி வேணும். எனக்கு ஒரு சந்தேகம். நான் இங்க தங்கிட்டா, இவளை யார் பாத்துப்பா?"

கண்ணாடி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனை நன்றாகப் பார்த்தார். "நீ என்ன நினைக்கிறே?"

"கஷ்டப்படுவா. முதல் வாரம் ரொம்ப. அப்புறம் பழகிருவா."

"எப்படிச் சொல்றே?"

"நான் பழகலையா?"

ஜன்னத் பீவி அக்காகூடப் பேசவில்லை, அதை மிஸ் நோட்டில் குறித்துவைத்திருக்கலாம். பிறகு அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த இருவரிடமும் குனிந்து ஏதோ சொன்னார், இருவரும் தலையாட்டினார்கள். "கட்டில் இன்னைக்கே போட்டுரலாமா எஸ்தர்?" என்று கேட்டார். எங்கள் அம்மா எழுந்து நின்றே விட்டாள். "கட்டிலா? கெடச்சிருச்சா? ஏட்டீ, கெடச்சிருச்சாட்டீ?" என்று என்னைக் கேட்கிறாள், நான் மேடையில் நிற்கிறேன், தலையைத் தலையை ஆட்டுகிறேன், அழுகிறேன், சிரிக்கிறேன். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் அவனுக்கு ஆகாது.

அப்புறம் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். அங்கேதான் ஒரு தவறு நடந்திருக்கிறது. எஸ்தர் மிஸ் அதோடு இன்னொரு புதுப் படிவமும் நிரப்பியிருந்தார். பயிற்சி பெறுபவர் என்ற கட்டத்தில் ரா. கோமதி என்றும், உடனிருப்பவர் என்ற கட்டத்தில் ரா. ஆவுடையப்பன், அண்ணன் என்றும் மாற்றிப் போட்டுவிட்டார். அவசரத்தில் அப்படி ஆகும்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் எழுதித் திருத்தச் சொல்ல வேண்டும். எழுதுவதென்றால் எனக்குப் பயமில்லை என்றேனே.

அம்மா இரண்டு நாள் அவனோடு இருந்து சமையலறையைக் காட்டிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று தங்கிவிட்டாள். அதனால் நான் தனியாகக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணனும் மிஸ்ஸும் வந்தார்கள். வழக்கம்போல அவனே டிக்கெட் எடுத்துத் தந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் சரியாகப் பத்தடி தள்ளி நின்றுகொண்டான். அளந்து நின்றான், காலடி காலடியாக. நான் பார்க்கிறேன், அவன் வானத்தைப் பார்க்கிறான். பஸ்ஸுக்குக் கீழேயே நின்று டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் என் முகத்துக்கு நேரே வந்து "எங்கம்மா?" என்கிறார். அண்ணனுக்கு உதடு துடிக்கிறது. சொல்லிவிடுவான், சொல்லிவிடுவான் என்று நான் காத்திருக்கிறேன். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டானே ஒழிய ஒரு சொல் சொல்லவில்லை அக்கா! அவன் முகம் சிவந்துவிட்டது. நான் சொல்லாவிட்டால் அவன் மூச்சு முட்டிச் செத்துப்போவான் போலிருந்தது. அவனுக்காகத்தான் சொன்னேன். சங்கரன்கோவில் என்று.

பஸ் நகர்ந்தபோது சன்னல் வழியாகப் பார்க்கிறேன். அவன் கையாட்டவில்லை, அவன் ஆட்ட மாட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். மிஸ் எழுதுவாரே, அதே மாதிரி, நோட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. எனக்கு மார்க் போடுகிறான்! என்ன போட்டிருப்பான் என்று நினைத்தால்தான் எனக்கு இந்தச் சிரிப்பு வருகிறது. இரண்டு கோடு போட்டிருப்பானா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏறுவதற்கு முன்னால் ஒரு சீட்டுக் கொடுத்தான். இந்த வாரத்துப் பயிற்சியாம். என் பயிற்சி. அவனுக்கு ஏதாவது விளையாட்டாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். இதோ. 'பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் பத்து நிமிடம் பேசு.' அதனால்தான் உங்களிடம் ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், இல்லையா? இருங்கள், பின்பக்கமும் எழுதியிருக்கிறான், இதை நான் பார்க்கவே இல்லை. 'அடுத்த பத்து நிமிடம் அவர் பேசுவதைக் கேள்.'

ஐயோ. நான் உங்களை ஒன்றுமே கேட்கவில்லையே. பெயர்கூடக் கேட்கவில்லை. எந்த ஊர் அக்கா நீங்கள்? என்ன? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், காற்றில் கேட்கவில்லை.

தேவர்குளமா?

தேவர்குளம் போய் எவ்வளவு நேரமாகிறது! நான் அண்ணன் மேடையில் ஏறினதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டதே! அப்போது நீங்கள் பையை மடியில் எடுத்து வைத்தீர்கள், நான் பார்த்தேன், கதை கேட்க வசதியாக உட்காருகிறீர்கள் என்று நினைத்தேன். கையைத் தூக்கினால் போதுமே, நான் நிறுத்தியிருப்பேனே. கண்டக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே. இப்போதும் ஏன் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்? அடுத்த நிறுத்தம் வன்னிக்கோனேந்தலில் இறங்கித் திரும்பிப் போகிறீர்களா? அது எவ்வளவு தூரம்! கூப்பிடுங்கள் அவரை. அதோ நிற்கிறார். கூப்பிடுங்கள். முடியவில்லையா? உங்களுக்குமா?

"அண்ணே! அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க! இங்க ஒரு அக்கா தேவர்குளத்துல இறங்கணும்!"

"தேவர்குளமா? அது போயி மூணு கிலோமீட்டராச்சேம்மா! தூங்கிட்டியளா?"

"தூங்கலண்ணே! நான்தான் பேசிக்கிட்டே வந்துட்டேன்! அவங்க மேல தப்பு இல்ல, நிப்பாட்டுங்க!"

நின்றுவிட்டது, நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பரவாயில்லை, நீங்கள் மெதுவாக இறங்குங்கள். பையைக் கொடுங்கள், நான் நீட்டுகிறேன். எதிர்ப்பக்கம் நின்றால் திருநெல்வேலி பஸ் வரும். கையைக் காட்டுங்கள், நிற்கும். ஏறினதும் 'தேவர்குளம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவுதான் அக்கா, ஒரே ஒரு வார்த்தை.

கிளம்பணுமா அண்ணே? ஒரு நிமிஷம், இதோ முடித்துவிட்டேன். அக்கா, இங்கே பாருங்கள், சன்னல் பக்கம்! பாளையங்கோட்டையில் அந்த மையத்துக்குச் சனிக்கிழமை வாருங்கள். கூச்சப்பட வேண்டாம். உள்ளே போய் ஆவுடையப்பன் என்று கேளுங்கள். நன்றாகச் சொல்லித் தருவான்!